போருக்குப் பிந்தைய காதல் படத்தை உள்ளூர் தியேட்டரில் ஓட வைப்பது எப்படி

கையில் ஒரு காதல் படம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு கதை தொடங்குகிறது, அவன் ஊர் திரும்புகிறான், அவள் ரயில் நிலையத்தில் நிற்கிறாள், அல்லது நிற்கவில்லை. தெரிந்த நடிகர் யாரும் இல்லை, பெரிய கம்பெனி பின்னால் இல்லை, டிவியில் விளம்பரம் போடக் காசும் இல்லை. நாலைந்து உள்ளூர் தியேட்டர்கள் ஒரு வாரம் தருகிறோம் என்றிருக்கின்றன. அந்த ஒரு வாரத்தை இரண்டாக்குவது எப்படி என்பதைத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்த வகைப் படத்துக்கு உண்மையான கூட்டம் இரண்டாவது வாரத்தில்தான் வரும், அதுவரை படம் திரையில் இருந்தால்.

முதல் வேலை போஸ்டர்கூட இல்லை. படம் எதைப் பற்றியது என்று ஒரே வரியில் உங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். ‘போர்’ பலமான சொல், போட்டால் ஆள் வரும் என்று தோன்றும். வரும்தான், ஆனால் தப்பான ஆள் வரும். நானே ஒருமுறை இதைச் செய்திருக்கிறேன். படத்தில் மொத்தமே ஒன்றரை நிமிடம் வரும் எரியும் கட்டடத்தை எடுத்துப் போஸ்டரில் பாதி இடத்துக்கு வைத்தோம். முதல் நாள் வந்த பையன்கள் இருபதாவது நிமிடத்தில் போனைக் கையில் எடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கக்கூடிய அம்மாக்களோ போஸ்டரைப் பார்த்ததும் ‘ஐயோ, சண்டைப் படம்’ என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

அதனால் போரை விற்காதீர்கள், ஊர் திரும்புவதை விற்றுப் பாருங்கள். நாலு வருஷம் கடிதத்தில் மட்டுமே பேசிக்கொண்ட இரண்டு பேர் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தால் முதலில் என்ன பேசுவார்கள்? போனவன்தான் வந்திருக்கிறானா? அவள் காத்திருந்தது இவனுக்காகத்தானா, இல்லை அவன் எழுதிய கடிதங்களுக்காகவா? வேலைக்காகக் கொஞ்ச காலம் பிரிந்திருந்த எந்தத் தம்பதிக்கும் இந்தக் கேள்விகள் புரியும், வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஒரு வரி இப்படி ஒரு கேள்வியாக இருக்கட்டும். ‘திரும்பி வந்தான். ஆனால் யாரிடம்?’ என்ற மாதிரி. இது அமைந்துவிட்டால் போஸ்டர், டிரெய்லர், பத்திரிகைக் குறிப்பு எல்லாவற்றுக்கும் அதுவே அளவுகோல். அதோடு ஒட்டாத எந்தப் படத்தையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், தூக்கிப் போடுங்கள்.

மேனேஜரைப் பிடியுங்கள்

உங்கள் முதல் ரசிகர் தியேட்டர் மேனேஜர். ரிலீஸுக்கு எட்டு வாரமாவது முன்னால் நேரில் போய்ப் பாருங்கள், மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அவருக்குக் கதை முக்கியமில்லை. எந்த ஷோவுக்கு எத்தனை பேரை நீங்கள் கூட்டிவருவீர்கள் என்பதுதான் அவர் மனதில் ஓடும். ‘அருமையான படம் சார்’ என்பதை விட ‘செவ்வாய் மதியக் காட்சிக்கு இந்த நூலகத்தின் வாசகர் வட்டத்திலிருந்து முப்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்’ என்பது அவர் காதில் இனிமையாக விழும்.

எல்லோரும் மாலைக் காட்சிதான் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது காலை பதினொன்று, மதியம் இரண்டு அல்லது மூன்று. அதுவும் சின்ன ஸ்கிரீனில். அறுபது பேர் வந்தால் எண்பது இருக்கை அரங்கம் நிரம்பி வழிகிற மாதிரி இருக்கும், அதே அறுபது பேர் முந்நூறு இருக்கை அரங்கத்தில் உட்கார்ந்தால் படம் படுத்துவிட்டது என்று அவர்களே முடிவுகட்டிவிடுவார்கள். பெரிய ஸ்கிரீன் தருகிறேன் என்று மேனேஜர் பெருந்தன்மை காட்டினாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

இந்த நேரத்தை நான் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1945-ல் இருபது வயதாக இருந்தவர் இன்று நூறைத் தாண்டியிருப்பார். போரில் இருந்தவர்களை மனதில் வைத்து விளம்பரம் செய்தால் கூட்டம் வராது. உங்கள் பார்வையாளர்கள் அவர்களுடைய பிள்ளைகள். வீரர்கள் ஊர் திரும்பியதும் பல நாடுகளில் 1946-லிருந்து பிறப்பு எண்ணிக்கை குபுகுபுவென்று ஏறியது, அந்தக் குழந்தைகளுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. பகலில் நேரம் இருக்கிறது, இரவில் வெளியே வரத் தயக்கம் இருக்கிறது. இந்தக் கதை அவர்களுடைய அப்பா அம்மாவின் கதை, வீட்டில் பாதி மட்டுமே சொல்லப்பட்ட கதை. அவர்களைத் தியேட்டருக்குக் காரில் அழைத்து வரப்போகிறவர் மகளோ பேத்தியோ, ஆகவே விளம்பரத்தில் பாதி அந்த மகளுக்கானது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்த வயதுக்காரர்களுக்குச் சில விஷயங்கள் டிக்கெட் விலையை விடப் பெரியவை. லிஃப்ட் இருக்கிறதா, சக்கர நாற்காலிக்கு இடம் உண்டா, கழிவறை எவ்வளவு தூரம், காது கேட்கும் கருவிக்கு ஏற்ற வசதி அரங்கில் உண்டா, வசனம் திரையில் எழுத்தாக வரும் காட்சி ஒன்றாவது இருக்கிறதா. நோட்டீஸில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் அச்சடியுங்கள். யாரும் இதைச் செய்வதில்லை. ‘மாலை 5 மணிக்குள் முடிந்துவிடும்’ என்ற ஒரு வரிக்காக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ரிலீஸுக்கு ஒரு வாரம் முன்னால் தியேட்டர் ஊழியர்களுக்காக மட்டும் ஒரு காட்சி கேளுங்கள். டிக்கெட் கவுண்டரில் இருப்பவர், தின்பண்டம் விற்பவர், ஆபரேட்டர், வாசலில் டிக்கெட் கிழிப்பவர் எல்லோரும் பார்க்கட்டும். ‘எந்தப் படம் நல்லா இருக்கு?’ என்று கவுண்டரில் கேட்கிற கூட்டம் இன்னும் இருக்கிறது, அங்கே இருப்பவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எந்த விமர்சகரும் ஈடில்லை.

பழைய ஆட்கள் செய்ததைப் பாருங்கள்

வேடிக்கை என்னவென்றால், உங்கள் கதை நடக்கும் காலம்தான் தியேட்டர்களின் பொற்காலமும். பிரிட்டனில் 1946-ல் சுமார் 163 கோடி டிக்கெட் விற்றது, அந்த எண்ணிக்கையை அந்த நாடு அப்புறம் தொடவே இல்லை. அமெரிக்காவிலும் உச்சம் அதே வருஷம்தான். அப்போது ஒவ்வொரு படத்துக்கும் ஸ்டுடியோக்கள் தியேட்டர்களுக்கு ஒரு விளம்பரக் கையேடு அனுப்பும். அதில் உள்ளூர் பத்திரிகை அப்படியே போட்டுக்கொள்ளும்படி எழுதிய கட்டுரைகள், பல அளவில் விளம்பர அச்சுகள், எந்தக் கடையோடு சேர்ந்து என்ன செய்யலாம் என்ற யோசனைகள், போட்டிகள், ஜன்னல் அலங்காரம் எல்லாம் இருக்கும். உள்ளூர் மேனேஜர் கத்தரிக்கோலை எடுத்து வேண்டியதை வெட்டிக்கொள்வார்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு பென்டிரைவிலோ ஒரு இணைப்பிலோ எல்லாவற்றையும் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள். நூறு சொல், முந்நூறு சொல், அறுநூறு சொல் என மூன்று அளவில் படத்தைப் பற்றிய குறிப்பு, அச்சுக்கேற்ற தெளிவில் ஆறு ஸ்டில்ஸ், சமூக வலைத்தளங்களுக்குச் செங்குத்தாகவும் சதுரமாகவும் வெட்டிய துண்டுகள், தியேட்டர் பெயரையும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள இடம் விட்ட போஸ்டர். தியேட்டரில் சமூக வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் வேறு மூன்று வேலையும் பார்க்கிறவர், அவர் ஒரு நிமிடத்தில் எடுத்துப் போடும்படி இருந்தால்தான் போடுவார்.

போஸ்டர் அச்சடிக்கும் முன் தியேட்டரில் அதை மாட்டும் சட்டத்தின் (ஃபிரேம்) அளவைக் கேளுங்கள். பல இடங்களில் 27-க்கு 40 அங்குலம், பிரிட்டனில் படுக்கைவாட்டில் 40-க்கு 30. அளவு தப்பினால் போஸ்டர் அலமாரிக்குப் பின்னால் போய்விடும். அந்தக் காலத்தில் 11-க்கு 14 அங்குலத்தில் எட்டு அட்டைகள் கொண்ட லாபி கார்டு தொகுப்பு ஒன்று உண்டு, படத்தின் எட்டுக் காட்சிகள் வரிசையாக இருக்கும். இந்தக் கதைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், செலவும் குறைவு. கழிவறைக்குப் போகும் வழியில் ஒட்டச் சொல்லுங்கள், வரிசையில் நிற்பவர்கள் எட்டையும் படிப்பார்கள்.

உடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் இறுக்கிய இடுப்பும் அகன்ற பாவாடையுமாக அந்தப் புகழ்பெற்ற பாணியைக் காட்டியது 1947 பிப்ரவரியில். உங்கள் கதை 1945-லோ 1946-லோ நடந்தால், போஸ்டருக்காகத் தனியாகப் படம் எடுக்கும்போது கதாநாயகிக்கு அந்தப் பாவாடையை மாட்டிவிடாதீர்கள். பிரிட்டனில் துணிக்கு ரேஷன் 1941 ஜூனிலிருந்து 1949 மார்ச் வரை இருந்தது, பாராசூட் துணியில் கல்யாண உடை தைத்துக்கொண்டவர்கள் உண்டு. இதெல்லாம் தெரிந்த ரசிகர்கள்தான் உங்கள் படத்துக்கு முதலில் வருகிறவர்கள், முதலில் குறை சொல்கிறவர்களும் அவர்களே.

கடிதங்கள்

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. என்னிடம் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் செய்வேன்.

ரிலீஸுக்கு ஆறு வாரம் முன்னால், சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். உங்கள் வீட்டில் 1940-களில் எழுதிய கடிதமோ, 1945 முதல் 1950 வரைக்குள் எடுத்த கல்யாணப் புகைப்படமோ இருந்தால் தியேட்டர் லாபியில் வைக்கத் தாருங்கள். நூலகம், உள்ளூர் வரலாற்றுச் சங்கம், ஓய்வுபெற்றோர் சங்கம், முதியோர் இல்லம், வழிபாட்டுத் தலங்களின் அறிவிப்புப் பலகை, உள்ளூர் வானொலி எல்லா இடத்திலும் இந்த வேண்டுகோளைச் சொல்லலாம், யாரும் காசு கேட்க மாட்டார்கள், ஏனென்றால் இது விளம்பரம் மாதிரியே இருக்காது. பத்திரிகைக்காரருக்கும் இதுதான் செய்தி. ‘புதுப்படம் வருகிறது’ என்றால் நாலு வரி போடுவார். ‘எண்பது வருஷமாகப் பெட்டிக்குள் இருந்த கடிதம் தியேட்டரில்’ என்றால் ஆளையே அனுப்புவார், கடிதம் கொடுத்த பெண்மணியின் படத்தோடு பாதிப் பக்கம் வரும்.

கடிதம் கொடுத்தவர் வருவார். கூடவே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர். பதினைந்து கடிதம் கிடைத்தால் முதல் காட்சி முக்கால்வாசி நிரம்பிய மாதிரிதான்.

ஆனால் கவனமாகச் செய்ய வேண்டும். அசலை ஒருநாளும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே ஸ்கேன் செய்து அசலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு நகலை மாட்டுங்கள். எந்த வரியைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும், பெயர் போடலாமா என்று கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காதல் கடிதத்தில் குடும்பமே அறியாத சங்கதிகள் இருக்கும். ஒரு கடிதத்தில் வேறொரு பெண்ணின் பெயர் இருந்ததை மாட்டிய பிறகுதான் நாங்கள் கவனித்தோம், நல்லவேளை அந்தக் குடும்பத்துக்கு முன்னால் நாங்கள் பார்த்துவிட்டோம்.

நோட்டீஸையும் கடிதம் மாதிரியே அடிக்கலாம். அமெரிக்க ராணுவம் 1942-லிருந்து ‘வி-மெயில்’ என்று ஒரு முறை வைத்திருந்தது. ஒரே தாளில் எழுதிய கடிதத்தைச் சின்னஞ்சிறு படச்சுருளில் பிடித்துக் கடல் கடந்து அனுப்பி, அங்கே மறுபடி சிறிய தாளில் அச்சிட்டுக் கொடுப்பார்கள், கப்பலில் இடம் மிச்சமாகும் என்பதற்காக. அனுப்புவதற்கு முன் தணிக்கை அதிகாரி படித்து, இடம் பொருள் தெரியும் வரிகளை அடித்துவிடுவார். அந்தப் படிவத்தின் அமைப்பில், இரண்டு வரியைக் கறுப்பு மையால் அடித்து, கதாநாயகன் எழுதிய கடிதமாக உங்கள் நோட்டீஸ் இருந்தால், கையில் வாங்கியவர் கசக்கிப் போடுவதற்கு முன் படித்துவிடுவார். உறையின் பின்பக்கம் எஸ்.டபிள்யூ.ஏ.எல்.கே. என்று எழுதி அனுப்பும் பழக்கம் அப்போதைய ஆங்கிலக் காதலர்களிடம் இருந்தது, அன்பு முத்தத்தால் ஒட்டியது என்று அர்த்தம். அதை நோட்டீஸின் பின்பக்கம் விளக்கமே இல்லாமல் அச்சிடுங்கள், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொள்ளட்டும்.

பேச்சுக்கு ஒரு விஷயம் வேண்டுமா?

காட்சி முடிந்ததும் இருபது நிமிடக் கலந்துரையாடல் வையுங்கள். இயக்குநர் வந்தால் நல்லது, வராவிட்டாலும் உள்ளூர் வரலாற்று ஆசிரியர் போதும். ‘படம் பிடித்ததா’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கிளம்புவார்கள். இதைச் சொல்லித் தொடங்குங்கள்: 1947-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் சுமார் 60 ஆயிரம் விவாகரத்துகள், அதுவரை காணாத எண்ணிக்கை. அவசரக் கல்யாணம், நீண்ட பிரிவு, மாறிப்போன மனிதர்கள். இன்னொரு பக்கம், 1945 டிசம்பரில் அமெரிக்கா தன் வீரர்கள் வெளிநாட்டில் மணந்த பெண்களுக்காகத் தனிச் சட்டம் போட்டது, 1946 தொடக்கத்திலேயே கைக்குழந்தைகளோடு கப்பல் கப்பலாகப் பெண்கள் போனார்கள், சிலருக்குப் புருஷனைச் சேர்த்தாற்போல் சில வாரங்கள்தான் பழக்கம். இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் அரங்கில் யாராவது ஒருவர் ‘எங்க அம்மா...’ என்று ஆரம்பிப்பார். அதற்கு மேல் நீங்கள் பேசத் தேவையில்லை, மைக்கைக் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. ராணுவச் சீருடையில் ஆட்களை வாசலில் நிறுத்தாதீர்கள். பதக்கம், துப்பாக்கி, எதிரி நாட்டுச் சின்னம் எதையும் அலங்காரமாக வைக்காதீர்கள். உங்கள் கதாநாயகன் எந்தப் பக்கம் போரிட்டிருந்தாலும், மறுபக்கத்தில் யாரையோ இழந்தவரின் பேரன் அதே ஊரில் இருக்கலாம். வேறு ஒரு போரிலிருந்து தப்பி அண்மையில் அங்கே வந்து சேர்ந்தவர்களும் இருக்கலாம், அவர்களுக்கு ‘போர் முடிந்துவிட்டது’ என்ற வாசகமே வலிக்கும். குண்டுச் சத்தம் வரும் காட்சி இருந்தால் டிக்கெட் கவுண்டரில் ஒரு சின்ன அறிவிப்பு வைத்துவிடுங்கள்.

நடனம் நல்ல வழி. அந்தக் கால ஸ்விங் நடனம் ஆடும் குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன, எல்லாம் இளைஞர்கள், அந்தக் கால உடையில் அலங்கரித்துக்கொண்டு வரக் காத்திருப்பவர்கள். படத்துக்கு முன் லாபியில் அரைமணி ஆடச் சொன்னால் வீடியோ தானாகப் பரவும். ஒன்றே ஒன்று, 1940-களின் பாட்டு பழசுதானே என்று உரிமை பார்க்காமல் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலானவற்றுக்கு இன்னும் காப்புரிமை இருக்கிறது. தியேட்டரின் இசை உரிமத்தில் இது அடங்குமா என்று மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோவில் அந்தப் பாட்டைச் சேர்ப்பது வேறு கதை, அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

தேதி: மே 8 ஐரோப்பாவில் போர் முடிந்த நாள், அதை ஒட்டிப் பத்திரிகைகளே இந்த விஷயத்தைத் தேடும். நவம்பர் 11 பல நாடுகளில் அஞ்சலி நாள், அன்று காதல் படத்துக்குக் கூவுவது அசிங்கமாக இருக்கும். பிப்ரவரி 14-க்கு எல்லாக் காதல் படங்களும் முண்டியடிக்கும், ஸ்கிரீன் கிடைப்பதே பாடு, அதற்கு இரண்டு வாரம் தள்ளி வாருங்கள்.

பெட்டி திறக்குமா?

இது விளம்பரம் இல்லை, ஆனால் இதில் கோட்டை விட்டால் விளம்பரம் எல்லாம் வீண். டிஜிட்டல் பிரதியை டிசிபி என்பார்கள். அதற்குப் பூட்டு போட்டிருந்தால், திறக்க கேடிஎம் என்ற சாவிக் கோப்பு வேண்டும். அந்தச் சாவி ஒரு குறிப்பிட்ட ஸ்கிரீனின் சர்வருக்கும் குறிப்பிட்ட தேதி நேரத்துக்கும் மட்டுமே வேலை செய்யும். மேனேஜர் கடைசி நேரத்தில் 2-ஆம் ஸ்கிரீனிலிருந்து 4-க்கு மாற்றினால் திரை இருட்டாகவே இருக்கும், ஜனம் வாசலில் நிற்கும். எல்லா ஸ்கிரீனுக்கும் சேர்த்து, ரிலீஸுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து இரண்டாவது வாரம் முடியும் வரை சாவி வாங்கிவிடுங்கள். முந்தின நாளே ஆபரேட்டரோடு உட்கார்ந்து பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், ஒலி அளவை அவரிடமே கேட்டுத் தீர்மானியுங்கள். கிசுகிசுப்பான வசனம் நிறைய உள்ள படம் இது, பெரியவர்கள் கூட்டம், வழக்கத்தை விடக் கொஞ்சம் தூக்கி வைப்பது நல்லது.

டிரெய்லரையும் அதே மாதிரி டிசிபியாக, ஆறு வாரம் முன்னாலேயே கொடுங்கள். எந்தப் படத்துக்கு முன்னால் ஓட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். அடிதடிப் படத்துக்கு முன் பத்து நாள் ஓடுவதை விடக் குடும்பப் படத்துக்கு முன் மூன்று நாள் ஓடினால் பலன் அதிகம்.

வெள்ளி முதல் திங்கள் வரை

பெரும்பாலான இடங்களில் அடுத்த வாரம் எந்தப் படம் இருக்கும், எது போகும் என்பதை வார இறுதிக் கலெக்‌ஷனைப் பார்த்துத் திங்கட்கிழமை முடிவு செய்துவிடுவார்கள். நீங்கள் ஏற்பாடு செய்யும் எல்லாக் கூட்டத்தையும் வெள்ளி, சனி, ஞாயிறுக்குள் கொண்டு வாருங்கள். புதன்கிழமை ஐம்பது பேர் வருவதாக ஒரு சங்கம் சொன்னால், கெஞ்சியாவது ஞாயிறுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் திங்கள் காலையிலேயே அந்த ஐம்பது டிக்கெட்டும் முன்பதிவாகியிருக்க வேண்டும், மேனேஜர் கணினியில் அது தெரிய வேண்டும்.

ஆன்லைன் விளம்பரத்துக்குக் கொஞ்சம் பணம் இருந்தால் முதல் நாளே கொட்டிவிடாதீர்கள். தியேட்டரைச் சுற்றி ஓட்டிவரக்கூடிய தூரத்துக்கு மட்டும் வரம்பு வைத்து, வியாழனிலிருந்து ஞாயிறு மதியம் வரை ஓடவிடுங்கள். மிச்சத்தை இரண்டாவது வாரம் கிடைத்தால் செலவழிக்கலாம்.

வெளியே வருகிறவர்களைப் பாருங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வருபவரிடம் மைக்கை நீட்டாதீர்கள், அது கேவலம். அதற்குப் பதில் வாசலில் ஒரு மேஜை, கெட்டி அட்டைகள், நாலு பேனா. ‘இந்தப் படத்தை யாரோடு பார்த்திருக்க வேண்டும்?’ என்று மேலே எழுதி வையுங்கள். எழுதுவார்கள். சம்மதித்தவர்களின் வரிகளை மட்டும் பெயரில்லாமல் அன்றிரவே தியேட்டர் பக்கத்தில் போடுங்கள், ‘ஐந்து நட்சத்திரம்’ எல்லாம் அதற்கு முன் ஒன்றுமில்லை.

ஞாயிறு இரவு மேனேஜருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: மூன்று நாளில் எத்தனை டிக்கெட், எந்தக் காட்சி எவ்வளவு நிரம்பியது, அடுத்த வாரத்துக்கு உங்கள் கையில் யார் யார் இருக்கிறார்கள். காலை ஷோ ஒன்று மட்டும் போதும் என்று கேளுங்கள். நாலு ஷோ கேட்டால் மறுப்பார், ஒன்று கேட்டால் பெரும்பாலும் தருவார்.

படம் இறங்கியதும் லாபியில் மாட்டியிருந்த நகல்களைக் கழற்றி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு லாபி கார்டு சேர்த்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், தபாலில் அனுப்பாதீர்கள்.